கூற்று, கேட்போர், களன்: ஜானி கேஷின் ஒலிப்பதிவுகள் குறித்து ஒரு நோக்கு

முன்னுரை

அமெரிக்கக் கண்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷ் (1932–2003) சிறைத் தண்டனை எதனையும் அனுபவித்தவர் அல்லர். போதை மாத்திரைகளின் பிடியில் இருந்த 1960களில் சிலமுறை கைதாகி, ஓரிரவு காவலறையில் கழித்து வெளிவந்ததுண்டு, அவ்வளவே. ஆயினும் அவர் நெடுங்காலம் சிறையில் இருந்தவர் என்று நம்புவோர் இன்றும் பலர். அவர் பாடிய சிறைப் பாடல்களே இந்நம்பிக்கைக்குக் காரணம்.

இதனைத் தகவற்பிழை என்று தள்ளிவிடலாம். எனினும் இதன் வேர் நாம் பாடலை வாசிக்கும் முறையில் உள்ளது. அகப்பாடல் ஒன்றைத் தந்து விளக்கம் எழுதச் சொன்னால், நம் மாணவர் பலர் 'கவிஞர் தம் துயரத்தைக் கூறுகிறார்' என்றே தொடங்குகின்றனர். பாடுவோரும் பாடலுள் பேசுவோரும் ஒருவரே என்னும் எண்ணம் ஆழ வேரூன்றிவிட்டது. கபிலர் தோழி கூற்றாகப் பாடினார் என்பதனால் அவரைத் தோழி என்று எவரும் கொள்வதில்லை. செய்யுள் உறுப்புகள் முப்பத்து நான்கனுள் கூற்று, கேட்போர், களன் ஆகியவற்றையும் தனித்தனியே எண்ணிய தொல்காப்பியர், பேசுவோர் யார், கேட்போர் யார், பேச்சு நிகழுமிடம் யாது என்ற மூன்று வினாக்களை நம் கையில் தந்து சென்றுள்ளார். ஜானி கேஷின் ஒலிப்பதிவுகளை இம்மூன்று வினாக்களால் அணுக இக்கட்டுரை முற்படுகிறது. அமெரிக்கப் பாடலுக்குத் தமிழ் இலக்கணத்தைப் பொருத்திக் காட்டுவது இதன் நோக்கமன்று. பிறர் குரலில் பேசும் உரிமை கலைஞனுக்கு எதனால் வருகிறது, அது எங்கே தவறுகிறது என்பதே இங்கு எழும் வினா.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு

கண்ட்ரி இசையை 'நாட்டுப்புற இசை' எனப் பெயர்ப்பது பொருந்தாது. நாட்டுப்புறப் பாடல் வாய்மொழியில் வாழ்ந்து, பாடுந்தோறும் திரிந்து வளர்வது. கண்ட்ரி இசைக்கு அத்தகைய வாய்மொழி மரபு தாய் எனினும், அது வளர்ந்த வீடு இசைத்தட்டு நிறுவனமாகும். 1927ஆம் ஆண்டு டென்னசி மாநிலத்துப் பிரிஸ்டல் நகரில் விக்டர் நிறுவனத்துக்காக ரால்ஃப் பீர் நடத்திய ஒலிப்பதிவுகளில்தான் கார்ட்டர் குடும்பத்தாரும் ஜிம்மி ராட்ஜர்சும் வெளியுலகுக்கு அறிமுகமாயினர். கேஷின் மனைவி ஜூன் கார்ட்டர் அக்குடும்பத்து மேபெல் கார்ட்டரின் மகளாவார். ஆகவே, இவ்விசையில் நாம் ஆராயவேண்டிய பனுவல் பாடல் வரிகள் மட்டுமல்ல. குரல், கருவி, இடத்தின் ஒலி, பதிவுக்குப் பின் நிகழும் வெட்டும் ஒட்டும் ஆகியவை அனைத்தும் சேர்ந்ததே பனுவல்.

எளிமையின் கட்டமைப்பு

ஆர்க்கன்சா மாநிலத்து டையஸ் குடியேற்றத்தில் பருத்தி பயிரிட்ட குடும்பத்தில் வளர்ந்த கேஷ், வான்படைப் பணி முடித்துத் திரும்பிய பின் 1955இல் மெம்பிஸ் நகரின் சன் நிறுவனத்தில் சாம் பிலிப்சின் மேற்பார்வையில் பாடல் பதிவு செய்யத் தொடங்கினார். உடனிருந்தோர் இருவர்: மின்கிட்டார் வாசித்த லூதர் பெர்க்கின்ஸ், பெருநரம்புக் கருவியான பாஸ் வாசித்த மார்ஷல் கிராண்ட். முரசுக் கலைஞர் இல்லை. அக்குறையை ஈடுசெய்யக் கேஷ் தம் கிட்டார் நரம்புகளிடையே காகிதம் ஒன்றைச் செருகி, முரசொலி போன்ற உரசலை உண்டாக்கினார். வறுமையில் பிறந்த இவ்வுத்தியே பின்னர் அவருடைய அடையாள ஒலியாயிற்று.

1956இல் வெளிவந்த 'ஐ வாக் த லைன்' இதற்குத் தக்க சான்று. ஒவ்வொரு கண்ணிக்கும் சுருதி மாறுகிறது. அடுத்த சுருதியைப் பிடிக்கக் கண்ணிக்கு முன் அவர் மெல்ல முனகுகிறார். அம்முனகலும் தட்டில் அப்படியே இடம்பெற்றது. இறுதிக் கண்ணி முதற்கண்ணியின் சொற்களையே மீட்டும் சொல்கிறது. ஆனால் ஒரு தாயி கீழிறங்கிய குரலில். துணைவிக்கு உண்மையாயிருப்பேன் என்னும் உறுதிமொழி முதலில் நம்பிக்கையாக ஒலிக்கிறது. அதுவே அடித்தளக் குரலில் மீளும்போது, தன்னைத் தானே காவல் காக்கும் ஒருவனின் கவலை அதனுள் கேட்கிறது. சொல் மாறாதிருக்கக் குரல் பொருளை மாற்றுகிறது. வரிகளை மட்டும் அச்சில் படிப்போர்க்கு இவ்வேறுபாடு புலப்படாது.

இரவல் மெட்டும் மாறிய கூற்றும்

கேஷின் சிறைப் பாடல்களுள் முதன்மையானது 'ஃபோல்சம் பிரிசன் புளூஸ்'. மேற்கு ஜெர்மனியில் வான்படையில் பணியாற்றியபோது ஃபோல்சம் சிறை பற்றிய 1951ஆம் ஆண்டுத் திரைப்படத்தைப் பார்த்ததன் விளைவு அது. ஆக, பாடலின் தோற்றுவாய் பட்டறிவன்று, திரைப்படக் காட்சி. பாடலுக்குள் ஒரு நிலவியல் முரணும் உண்டு. பேசுவோன் கொலை செய்ததாகக் கூறும் ரீனோ நகரம் நெவாடா மாநிலத்தது. அவன் அடைபட்டிருக்கும் சிறையோ கலிபோர்னியாவில் உள்ளது. கற்பனைக் கூற்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

மெட்டும் வரிகளிற் பலவும் கோர்டன் ஜென்கின்ஸ் 1953இல் வெளியிட்ட 'கிரசெண்ட் சிட்டி புளூஸ்' என்னும் பாடலிலிருந்து எடுக்கப்பட்டவை. ஜென்கின்சின் பெயர் தட்டில் குறிக்கப்படவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 75,000 டாலர் வழங்கி இச்சிக்கல் தீர்க்கப்பட்டது. இது நேர்மைக் குறைவே, சலுகை காட்டுதற்குரியதன்று.

எனினும் திறனாய்வாளர் இவ்விடத்தில் நின்றுவிடலாகாது. ஜென்கின்சின் பாடல் சிற்றூரில் தனிமையில் வாடும் பெண்ணொருத்தியின் கூற்று. தொலைவில் செல்லும் தொடர்வண்டி அவளுக்கு ஏக்கம் தருகிறது; விரும்பினால் அவள் என்றேனும் அதில் ஏறலாம். அதே வண்டியொலியைக் கேட்போன் கைதியாக மாறியவுடன் ஏக்கம் தண்டனையாகிறது. வண்டி ஓடிக்கொண்டேயிருக்கிறது, அவன் அசைய இயலாது. அதனுடன் கேஷ் சேர்த்த புதுமை ஒன்றுண்டு: காரணமற்ற கொலையொன்றை ஒப்புக்கொள்ளும் அடி. வறுமை, வஞ்சினம், பொறாமை என எந்தச் சாக்கும் இல்லை. கேட்போரின் இரக்கத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளாமல், மிகக் கொடிய செயலைச் செய்தவனையே கேஷ் பேச வைக்கிறார். அவ்வொப்புதலை அடுத்து வருவது பெருமிதமன்று, அழுகை. பாடலின் அறம் இவ்விரண்டு அடிகளுக்கு இடைப்பட்ட இடைவெளியில் உள்ளது. இதனை நினைவிற் கொள்க. பின்னர் இதற்குத் திரும்பவேண்டியுள்ளது.

களன் மாறிய நாள்

1968ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் கேஷ் ஃபோல்சம் சிறையின் உணவுக்கூடத்தில் கைதிகள் முன் இரு நிகழ்ச்சிகள் நடத்தினார். கொலம்பியா நிறுவனத்தின் சார்பில் பாப் ஜான்ஸ்டன் அவற்றைப் பதிவு செய்தார். இசைத்தட்டு அவ்வாண்டு மே மாதம் வெளிவந்தது. இரண்டு பாடல்கள் தவிர எஞ்சியவை முதல் நிகழ்ச்சியிலிருந்தே தெரிவு செய்யப்பட்டன.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் கற்பனையில் பிறந்த கூற்று, அன்று அதற்குரிய களனையும் கேட்போரையும் அடைந்தது. கைதியாக நடிக்கும் ஒருவன் கைதிகளின் முன்னிலையில் நிற்கிறான். அவன் பொய்யுரைத்தால் அதனை முதலில் அறிவோர் அவர்களே. இத்தகைய சோதனைக்குத் தம் பாடலை உட்படுத்தியவர் மிகச் சிலர்.

அச்சோதனையைக் கேஷ் எவ்வாறு எதிர்கொண்டார் என்பதை ஒலிப்பதிவு காட்டுகிறது. தொடக்கத்தில் தம் பெயரைச் சொல்லித் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். அதன் பின்னரே கைதியின் குரலை மேற்கொள்கிறார். பேசுவோன் வேறு, தாம் வேறு என்பதை அவர் மறைக்கவில்லை. பாடல்களிடையே குறும்பு பேசுகிறார். சிரிப்பை அடக்க இயலாமல் திணறுகிறார். தொண்டை கரகரப்பதையும் மறைப்பதில்லை. ஒலிபெருக்கியில் கைதி ஒருவரின் எண்ணைக் கூறி அழைக்கும் அறிவிப்பும் தட்டில் இடம்பெறுகிறது. பெயர் சொல்லித் தொடங்கிய ஒருவரின் நிகழ்ச்சியில், பெயரிழந்து எண்ணாகிப்போன ஒருவர் அழைக்கப்படுகிறார். பாடல் வரிகள் எதுவும் சொல்லாத ஒன்றைக் களன் தானே சொல்லிவிடுகிறது.

ஒட்டப்பட்ட ஆரவாரம்

இவ்விடத்தில்தான் இக்கட்டுரையின் மையச் சிக்கல் எழுகிறது. தட்டில் 'ஃபோல்சம் பிரிசன் புளூஸ்' பாடலைக் கேட்போர், கொலையை ஒப்புக்கொள்ளும் அடி முடிந்தவுடன் கைதிகள் ஆரவாரிப்பதைக் கேட்பர். கண்ட்ரி இசையில் மிகுதியும் பேசப்பட்ட கணங்களுள் இதுவும் ஒன்று. ஆனால் அந்த ஆரவாரம் அவ்விடத்தில் எழவில்லை. பதிவுக்குப் பின் அது அங்கே ஒட்டப்பட்டது. ஃபோல்சம் இசைத்தட்டு பற்றி 2004இல் தனிநூல் எழுதிய மைக்கேல் ஸ்ட்ரைஸ்கத் இதனை எடுத்துக்காட்டியுள்ளார். காவலர் பார்வையில் இருந்த கைதிகள், எதற்குக் கைதட்டலாம் எதற்குக் கூடாது என்பதில் விழிப்புடன் இருந்தனர்.

ஒலிப்பதிவுக் கலையில் ஒட்டும் வெட்டும் இயல்பானவையே. அதனைக் குற்றமெனக் கொள்ளவேண்டியதில்லை என்று வாதிடலாம். வாதம் பொதுவில் சரியே. இங்கே ஒட்டப்பட்டது எது என்பதே வினா. கேஷ் கைதியின் கூற்றை மேற்கொண்டார். அது நடிப்பு என்பதை அவரும் அறிவார், கேட்போரும் அறிவர். ஆனால் ஒட்டப்பட்ட ஆரவாரமோ உண்மையான கைதிகளின் வாயில், அவர்கள் சொல்லாத ஒன்றை அவர்கள் சொன்னதாகவே வைத்தது. முன்னது கூற்று, பின்னது பொய்ச்சான்று. சிறைக்கு வெளியே வானொலியருகே இருந்த இலட்சக்கணக்கானோர், கொலை என்றதும் குதூகலிக்கும் கூட்டமாக அம்மனிதர்களைக் கற்பனை செய்துகொள்ள அது வழிவகுத்தது.

கலைநோக்கிலும் இழப்பு பெரிது. ஒப்புதலுக்கும் அழுகைக்கும் இடைப்பட்ட இடைவெளியே பாடலின் அறம் என மேலே கூறப்பட்டது. ஒட்டப்பட்ட ஆரவாரம் சரியாக அவ்விடைவெளியை நிரப்பிவிடுகிறது. ஒப்புதல் வீரவசனமாகிறது, அடுத்து வரும் அழுகை செவியில் ஏறுவதில்லை. கைதிகள் அன்று காத்த அமைதியே அப்பாடலுக்கு அவர்கள் தந்த நேர்மையான மறுமொழி. கேட்போர் என்னும் உறுப்பு சிதைந்தால் கூற்றும் சிதையும் என்பதற்கு இது கண்கூடு.

இவ்வடியின் வரலாறு இத்துடன் முடியவில்லை. 1968 ஜூன் மாதம் ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டபின் வானொலி நிலையங்கள் அப்பாடலை ஒலிபரப்பத் தயங்கின. கேஷின் எதிர்ப்பையும் மீறி நிறுவனம் அவ்வடியை நீக்கிய வடிவத்தை வெளியிட்டது. பாடல் கண்ட்ரி வரிசையில் முதலிடம் பெற்றது. ஒரே ஆண்டில் ஓர் அடிக்குக் கைதட்டல் ஒட்டப்பட்டது. பின்னர் அந்த அடியே வெட்டப்பட்டது. ஒட்டியோரும் வெட்டியோரும் ஒரே பிழையைச் செய்தனர். கூற்றைக் கூற்றாகக் கேட்க இருசாராரும் அஞ்சினர்.

இதற்கு மாறாக, 1969 பிப்ரவரி 24ஆம் நாள் சான் குவென்டின் சிறையில் நிகழ்ந்த பதிவை நோக்குக. அந்நாளுக்கெனக் கேஷ் புதிதாக எழுதிய பாடல் அச்சிறையையே முன்னிலைப்படுத்தி வெறுப்புடன் பேசுகிறது. பாடலுள் கேட்போர் சிறைச்சுவர். பாடலுக்கு வெளியே கேட்போர் கைதிகள். கைதிகள் மீண்டும் பாடுமாறு கேட்க, அவர் உடனே மறுமுறை பாடுகிறார். இருமுறையும் தட்டில் அடுத்தடுத்து இடம்பெற்றுள்ளன. இங்கே எழும் முழக்கம் எவரும் ஒட்டியதன்று. பிறர் குரலை மேற்கொண்டவனிடம், 'இது எங்கள் குரலே' என்று உரியவர் ஒப்புதல் தரும் கணம் இது.

ஷெர்லியின் பாடல்

ஃபோல்சம் நிகழ்ச்சியின் இறுதிப்பாடல் 'கிரேஸ்டோன் சாப்பல்'. அதனை இயற்றியவர் கிளென் ஷெர்லி என்னும் கைதி. கொள்ளைக் குற்றத்துக்காக அச்சிறையிலேயே இருந்தவர். சிறைப்பணி செய்த போதகர் ஒருவர் வழியாகப் பாடலின் ஒலிநாடா நிகழ்ச்சிக்குச் சற்று முன்னர்தான் கேஷை அடைந்தது. அவர் அதனை விரைந்து கற்று, இயற்றியவர் கேட்டுக்கொண்டிருக்கவே பாடினார். அதுவரை கைதியாக நடித்தவர், இப்போது உண்மைக் கைதியின் சொல்லுக்குத் தம் குரலைக் கடன் கொடுக்கிறார். பாடல் அமைப்பில் எளியது. தேவாலயப் பாடலின் வழக்கமான நடையை மீறாதது. ஆயினும் தட்டின் கட்டமைப்பில் இதற்குரிய இடம் தலையாயது.

பின்கதை மகிழ்ச்சி தருவதன்று. கேஷின் முயற்சியால் 1971இல் விடுதலையான ஷெர்லி, அவருடைய குழுவில் இணைந்து பாடினார். மேடை வாழ்க்கை அவருக்கு ஒத்துவரவில்லை. குழுவிலிருந்து விலக்கப்பட்டு, 1978இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பிறர் குரலுக்கு இடமளிப்பது ஒருநாட் செயல். குரலுக்குரியவரின் வாழ்வுக்குப் பொறுப்பேற்பது நெடும்பணி. இரண்டும் ஒன்றல்ல என்பதைக் கேஷ் கடினமான வழியில் கற்றார் எனலாம்.

கூற்றின் எல்லைகள்

பிறர் குரலை மேற்கொள்ளும் இக்கலை எல்லா இடத்தும் வெற்றி பெறவில்லை. 1964இல் வெளிவந்த 'பிட்டர் டியர்ஸ்' அமெரிக்கத் தொல்குடியினரின் துயர் பற்றியது. எட்டுப் பாடல்களில் ஐந்து பீட்டர் லா ஃபார்ஜ் இயற்றியவை. இவோ ஜீமா தீவில் கொடி நட்ட வீரருள் ஒருவராகிய பீமா குடியினர் ஐரா ஹேஸ் பற்றிய பாடலை ஒலிபரப்ப வானொலியினர் தயங்கியபோது, 'பில்போர்டு' இதழில் முழுப்பக்க மடல் வெளியிட்டு அவர்களைக் கேஷ் கடிந்துகொண்டார். துணிவு பாராட்டுக்குரியது. ஆனால் தமக்குச் செரோக்கி வழிமரபு உண்டு என அக்காலத்தில் கூறிவந்த அவர், பின்னர் அதனைக் கைவிட்டார். கைதியாகப் பாடக் கைதியாயிருக்கத் தேவையில்லை என்று அறிந்திருந்தவர், இங்கே மட்டும் குருதியுரிமையைத் தேடினார். அத்தேடல் தேவையற்றது. பாடலின் நேர்மையே போதிய உரிமையாகும்.

இதனினும் கடுமையான குறை 'டீலியாஸ் கான்' பாடலில் உள்ளது. 1962இல் ஒருமுறையும் 1994இல் மறுமுறையும் கேஷ் இதனைப் பதிவு செய்தார். 1900ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரில் சுடப்பட்டு இறந்த டீலியா கிரீன் என்னும் பதினான்கு வயதுக் கருப்பினச் சிறுமியின் மரணத்திலிருந்து கிளைத்த பாடல்மரபு இது. கேஷின் வடிவத்தில் கொலையாளி மட்டுமே பேசுகிறான். டீலியாவின் வயதும் இனமும் மறைந்துபோகின்றன. அவளுக்குக் கூற்று இல்லை. கொலையாளியின் மனச்சான்று அவனை உறங்கவிடவில்லை என்பது உண்மையே. ஆயினும் ஃபோல்சம் கைதியின் அழுகையில் இருந்த கனம் இதில் இல்லை. யார் பேசுகிறார் என்பதோடு யாருக்குப் பேச்சு மறுக்கப்படுகிறது என்பதையும் கேட்காத வாசிப்பு அரைவாசிப்பே.

முதுமையின் குரல்

1986இல் கொலம்பியா நிறுவனம் கேஷைக் கைவிட்டது. 1994 முதல் ரிக் ரூபினின் தயாரிப்பில் 'அமெரிக்கன்' வரிசைத் தட்டுகள் வெளிவந்தன. அவற்றுள் முதலாவதில் குரலும் ஒற்றைக் கிட்டாரும் மட்டுமே. 2002இல் வெளிவந்த நான்காம் தட்டிலுள்ள 'ஹர்ட்' அவருடைய இறுதிக்காலப் புகழுக்கு முதற்காரணம். 'நைன் இஞ்ச் நெய்ல்ஸ்' குழுவின் டிரென்ட் ரெஸ்னர் 1994இல் வெளியிட்ட பாடல் அது; தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் இளைஞனின் கூற்று. கேஷ் ஒரே ஒரு சொல்லை மாற்றினார். இழிசொல் இருந்த இடத்தில் முள்முடி வந்தது. அம்மாற்றம் பாடலைக் கிறித்துவத் துன்பத்தின் குறியீட்டுலகுக்குள் கொண்டுசெல்கிறது. எஞ்சிய மாற்றம் அனைத்தும் குரல் செய்தது. மூச்சு வாங்குகிறது, சொல்லின் ஓரங்கள் உடைகின்றன, ஒரே சுரம் மேன்மேலும் வலுத்து முடிவை நெருக்குகிறது.

இதனைக் கேஷின் தன்வரலாறு என்றே உலகம் கேட்டது. 2003 மே மாதம் ஜூன் கார்ட்டரும் செப்டம்பர் 12ஆம் நாள் கேஷும் மறைந்தமை அவ்வாறு கேட்பதற்கு மேலும் வலுவூட்டியது. ஆனால் இங்கும் நடந்தது அவர் 1955இல் செய்த அதே செயல்தான்: தாம் அல்லாத ஒருவரின் கூற்றைத் தம் குரலால் ஏற்றல். இளைஞனின் சொற்கள் முதியவனின் வாயில் பொருந்திப் போனதற்கு அரைநூற்றாண்டுப் பயிற்சி காரணம். அவர் நேரடியாகத் தம்மைப் பற்றிப் பேசிய 'மேன் இன் பிளாக்' (1971) போன்ற பாடல்கள் நல்லெண்ணம் மிக்கவையாயினும் அறிக்கைத் தன்மையால் மெலிந்திருப்பதை ஒப்பிட்டால் இது விளங்கும்.

முடிவுரை

ஜானி கேஷின் ஒலிப்பதிவுகளை அவருடைய வாழ்க்கைச் சான்றாகக் கேட்போர், அவர் கற்ற கலையைக் காணத் தவறுகின்றனர். பிறர் குரலில் பேசும் உரிமை பட்டறிவாலோ குருதியாலோ வருவதன்று என்பதை அப்பதிவுகள் உணர்த்துகின்றன. உரியவர் முன்னிலையில் நின்று பேசும் துணிவாலும், அவர்களுடைய மறுமொழியைத் திருத்தாமல் ஏற்கும் நேர்மையாலுமே அவ்வுரிமை நிலைபெறுகிறது. முன்னது ஃபோல்சமில் நிகழ்ந்தது. பின்னது அங்கே தவறி, சான் குவென்டினில் நிறைவேறியது.

நம் வகுப்பறைக்கும் இதில் பாடமுண்டு. மாணவர் ஒரு பாடலை எடுத்தவுடன் 'கவிஞர் கூறுகிறார்' என எழுதும்போது, அக்கவிஞரை மட்டும் அவர்கள் தவறாகக் கொள்வதில்லை. பாடலுள் பேசும் மனிதரையும் பேசவிடாமல் செய்கின்றனர். அவரை முதலிற் கேட்கட்டும். அவர் யாரிடம், எங்கிருந்து பேசுகிறார் என்பதை அடுத்துக் கேட்கட்டும். ஆரவாரம் எழுமிடத்தில், அது உண்மையில் அங்கு எழுந்ததா என்றும் ஐயுறட்டும்.